ஐஸ் பாக்கெட் தவுக்கே

எங்கள் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீன முதலாளியைத் தவுக்கே என்று அழைப்போம். அவருக்கு அடுத்தபடியாக அந்தப் பட்டம் எனக்குத்தான் கிடைத்தது. கொடுத்தவர் அப்பா. கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டம், எண்பதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பதினொரு வயது. ஒரு பள்ளி விடுமுறையில் நான் தவுக்கேவாக இருந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எல்லாம் ஓர் ஐஸ் பெட்டியால் வந்த வினை. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மாற்றலாகிப் போனபோது தன் பழைய ஐஸ் பெட்டியை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். கதவு சரியாக மூடாது; ரப்பர் பட்டை போட்டு இழுத்துக் கட்டவேண்டும். இருந்தாலும் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதுதான் முதல் ஐஸ் பெட்டி. வந்த நாளிலிருந்து ஆளாளுக்குக் கோப்பையும் கையுமாக வந்து நின்றார்கள். வேலை முடிந்து வெயிலில் வருகிறவர்களுக்கு அம்மா ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எனக்கோ வயிறு எரிந்தது. இனிப்பான சிவப்புச் சிராப்புத் தண்ணீரை ஒல்லியான பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பர் போட்டுக் கட்டி உறைய வைத்தால் பத்துக் காசுக்கு விற்கலாம் என்று பள்ளிக்கூடத்துத் தோழி சொல்லியிருந்தாள். ஓசியில் ஐஸ் தண்ணீர் கிடைக்கும்போது எவன் காசு கொடுப்பான்? வியாபாரத்தில் நான் எனக்கே சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. ஐஸ் தட்டுகளை எடுத்துப் பரணில் போட்டேன். உறைபெட்டி முழுக்கப் பாக்கெட்டுகளை அடுக்கினேன். அட்டையில் 'கடன் கேட்காதீர்கள்' என்று எழுதிப் பின்வாசலில் தொங்கவிட்டேன். தவுக்கே கடையில் மாதச் சம்பளம்வரை கடனில் வாங்கும் ஜனங்களிடம் இப்படி ஓர் அட்டையைக் காட்ட எனக்கு வெட்கமே இல்லை.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அப்பா வேலை விட்டு வந்ததும், "என்னா தவுக்கே, இன்னைக்கு லாபமா?" என்று கேட்பார். நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பதில் சொல்வேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார். உறவில்லை, அழைக்கும் முறைதான். அம்மா விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் களத்துக்கு, ஓடவேண்டும். என் தம்பி நோஞ்சான் குழந்தை. தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த பெரியம்மாதான் அவனைத் தூக்கி வளர்த்தார். அதற்கு ஒரு காசு வாங்கியதில்லை; கொடுக்கவேண்டும் என்று யாரும் நினைத்ததுமில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரைவரை போகாது. அடுப்படியில் அது இன்னும் தாழ்வு. அம்மா முக்காலியில் ஏறிக் குழம்புக் கிண்ணத்தை அந்தப் பக்கம் நீட்டுவார். கிண்ணம் ஒருபோதும் வெறுமையாகத் திரும்பாது. வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் ஓர் இணுக்குக் கறிவேப்பிலையாவது அதில் கிடக்கும். அப்படித்தான் லயத்தில் எல்லா வீட்டிலும்.

ஒரு மத்தியானம் அம்மா வீட்டில் இல்லாத நேரம், சுவருக்கு மேலே பெரியம்மாவின் முகம் தெரிந்தது.

"ஏம்மா, கொஞ்சம் ஐஸ் இருந்தா குடு. பாப்பாவுக்கு ஒடம்பு அனலா கொதிக்குது."

பாப்பா அவருடைய கடைசிப் பெண். நான் யோசிக்கவே இல்லை.

"சும்மா ஐஸ் இல்ல பெரியம்மா. பாக்கெட்டுதான் இருக்கு. ஒண்ணு பத்து காசு."

பெரியம்மாவின் முகம் மறைந்தது. திரும்பி வந்தபோது கையில் காசு இருந்தது. "ரெண்டு குடு," என்றார். அவர் இடுப்பில் என் தம்பி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் காசை வாங்கி மைலோ டின்னில் போட்டேன்.

பாப்பாவுக்கு இரண்டு நாளில் குணமாகிவிட்டது. அந்த வாரக் கடைசியில் அம்மா மீன் குழம்பு வைத்து, வழக்கம்போல் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் கொடுத்தார். சாயங்காலம் கிண்ணம் திரும்பி வந்தது; நான்தான் வாங்கினேன். கழுவித் துடைத்த கிண்ணத்துக்குள், காகிதத்தில் மடித்துச் சில்லறை.

நான் துள்ளிக் குதித்தேன். "அம்மா! பெரியம்மா மீன் கொழம்புக்குக் காசு குடுத்திருக்காங்கம்மா!" என்று கத்தினேன். கூரைவரை போகாத சுவர் அது. லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு விஷயத்தை வாங்கினார். அடிப்பார் என்று முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன்; அடிக்கவில்லை. பின்வாசல் அட்டையைப் பிய்த்து அடுப்பில் போட்டுவிட்டு, காசை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். இங்கிருந்தே எல்லாம் கேட்டது.

"சின்னப் புள்ளக்கா. தெரியாம செஞ்சிட்டா. மனசுல வச்சிக்காதீங்க."

"நான் ஒண்ணும் நெனைக்கல தங்கச்சி. யாவாரம்னா அப்படித்தான் லா. காச நீயே வச்சிக்க."

குரலில் கோபமே இல்லை. அதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அம்மா இருட்டில் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார், பெரியம்மா வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் கேட்டு வரவில்லை. உப்புகூட.

சம்பள நாளில் அம்மா குளித்து, நல்ல சேலை கட்டி, ஒரு கடித உறையில் பணம் வைத்தார். "தம்பியப் பாத்துக்கிறீங்க, இதையாவது வாங்கிக்குங்கக்கா," என்று அவர் சொன்னது கேட்டது.

"சரி தங்கச்சி. குடு."

அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்து, நல்ல சேலையோடு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். பெரியம்மா அந்த உறையைத் தூக்கி எறிவார், வாய்க்கு வந்தபடி திட்டுவார், திட்டி முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பித்தான் அவர் போயிருக்கவேண்டும். எனக்கு அது எங்கே புரிந்தது? பணம் போய்விட்டதே என்று அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முழங்காலைத் தொட்டேன்.

"அழாதம்மா. நான் மறுபடி ஐஸ் வித்து அந்தக் காச எடுத்துக் குடுத்துடறேன்," என்றேன்.