வரிசையில் முதலாவதாக நின்ற வாளி

பத்து அறை விடுதிக்குக் குளியலறை ஒன்றுதான். விடிந்ததும் எழுந்தவர் எழுந்த வரிசையில் அதன் வாசலில் வாளியை வைத்துவிட்டுப் போகலாம். வாளி நிற்கும் இடம்தான் ஆள் நிற்கும் இடம். அந்த வீட்டில் எல்லோரும் மதித்த ஒரே சட்டம் அது, மாடி அறை மீட்டர்காரரைத் தவிர.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற அந்த மனுஷர், மூன்றாம் அறைப் பெண்ணின் வாளியைத் தினமும் தூக்கி முதலில் வைத்தார். வைத்ததோடு நிற்காமல் தண்ணீரும் பிடித்து வைத்தார். "ஏழு மணிக்கு உங்க கம்பெனி கேட்டை மூடிடுவாங்களே" என்று பல்லைக் காட்டினார். இந்த உதவியை அவள் கேட்டாளா? ஆயத்த ஆடை ஆலையில் நாள் முழுக்க நின்றபடி சட்டைகளில் பிசிறு வெட்டுகிறவள். நாற்பதை நெருங்கும் வயதில் அவளுக்கு வேண்டியதெல்லாம் யாரும் தன்னைக் கவனிக்காத ஓர் அறை. இது நான்காவது விடுதி.

"சார், என் வாளியைத் தொடாதீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். துண்டு எடுத்து வருவதற்குள் வாளி மறுபடி முதலில் நின்றது. பின்னால் நின்ற பெண்களுக்கு வயிறு எரிந்தது. "சில பேரு கொடுத்து வெச்சவங்க" என்று காதில் விழும்படி பேசினார்கள். பிறகு அவளோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்காரம்மா கூப்பிட்டு அனுப்பினார். "அவர் ஒன்பது வருஷமா இருக்கார், ஒரு வம்பு கிடையாது. நீ வந்தப்புறம்தான் இதெல்லாம். நீ கேட்டு அவர் செய்யலைன்னு வேற யாராவது வந்து சொல்லட்டும். இல்லன்னா மாசக் கடைசியில காலி பண்ணிடும்மா."

ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். யாருக்கும் எதுவும் தெரியாதாம். தினமும் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான்.

ஞாயிறு மத்தியானம், தட்டச்சு வேலை பார்க்கும் ஒன்றாம் அறை அக்கா தானாகவே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"போயிடாதம்மா" என்றார்.

ஆறு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் நல்ல வார்த்தை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ வர்றதுக்கு முன்னாடி என் வாளியத்தான் தூக்கி வைப்பான். மூணு வருஷம். நீ வந்த பிறகுதான் என்னை விட்டான். நீ போனா மறுபடி என்கிட்டதான் வருவான்."

"அதையே வீட்டுக்காரம்மாகிட்ட வந்து சொல்லுங்கக்கா. நான் எங்கயும் போகல."

அக்கா தரையைப் பார்த்தார். "எப்படிம்மா சொல்றது? நான் இங்கதானே இருக்கணும்."

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பெட்டியை இழுத்துத் துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். அக்கா விசும்பத் தொடங்கினார். அவரைத் தேற்றவும் அவள்தான் எழுந்திருக்க வேண்டியிருந்தது.