இடுப்பில் செருகிய பீஸ் கட்டை

எலக்ட்ரீஷியன் மேல் வந்த கோபத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டு அடுப்படியில், மிக்சி மாட்டுகிற பிளக் பாயிண்ட் கரிந்துபோயிருந்தது. பதினோரு நாள் போன் போட்டேன். கடைசியில் அவர் சொன்னார்: "ஒரு பாயிண்ட்டுக்காக கள்ளக்குறிச்சியிலேருந்து வண்டிய எடுத்துகினு வர முடியுமாக்கா? இன்னும் ரெண்டு வேல சேரட்டும்." வேலை சேர வேண்டுமென்றால் இன்னும் ரெண்டு இடம் எரிய வேண்டுமா? போய்யா நீயும் உன் வண்டியும் என்று நானே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன்.

உப்பு ஜாடியில் போனைச் சாய்த்துவைத்து வீடியோவும் எடுத்தேன். என்னைப்போல் காத்துக்கிடக்கும் பொம்பளைகள் பார்க்கட்டுமே என்ற ஆங்காரம்தான். முதலில் வாசல் மீட்டர் பெட்டிக்குப் போய், கரண்ட்டை நிறுத்த பீஸ் கட்டையைப் பிடுங்கி, புடவை மடிப்போடு இடுப்பில் செருகிக்கொண்டேன். எங்கள் பக்கம் மோட்டார் கொட்டகையில் கை வைக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கட்டை நம்மிடம் இருந்தால் வேறு எவரும் அதைத் திரும்பப் போட முடியாது. அதன் பிறகுதான் கருகியதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மிக்சி ஓடியது.

யூடியூபில் போட்டேன். வந்த கமெண்ட்டுகளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். "வூட்ல ஆம்பள இல்லியா?" என்று ஒருத்தன். உன் வீட்டில் இருக்கிற ஆம்பளை என்னத்தைக் கிழித்தான் என்று நீ என் வீடியோவைப் பார்க்கிறாய்? "சுருக்குப் பைய முடியற மாதிரி பீஸ முடியறாங்க பாரு" என்று இன்னொருத்தன். அதற்கு நூறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். "ஆரம்பம் ரொம்ப இழுவை" என்று வேறு சொன்னார்கள்.

அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ரெண்டு நாள் கழித்து அந்த வீடியோவை எடுத்துவிட்டு, இடுப்பில் செருகுகிற இருபது நொடியை வெட்டி, மறுபடி போட்டேன். கட்டையைப் பிடுங்குவது இருந்தது. அடுத்த நொடி அடுப்படியில் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். நிறைய பேர் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறு மாசம் மணலூர்பேட்டையிலிருந்து போன் வந்தது. அங்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கையைக் கரண்ட் தூக்கி அடித்துவிட்டது. பிளக் பாயிண்ட் மாற்றும்போது, வயலிலிருந்து வந்த அவள் மாமியார் பீஸைப் போட்டுவிட்டாராம். உயிருக்கு ஆபத்தில்லை, வலது உள்ளங்கை வெந்துவிட்டது என்றார்கள். பஸ்ஸில் போகும்போதே அந்த மாமியாரைக் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டு போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"கண்ணு எங்க போச்சு உங்களுக்கு? ஒரு குரல் குடுத்துட்டுப் போட்டா கொறஞ்சா பூடுவீங்க?"

அந்தம்மா சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுதார். "கட்டை மீட்டர் பொட்டி மேலயே கெடந்துச்சும்மா. எதுக்கோ புடுங்கிட்டு மறுபடி போட மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். அவ உள்ள கைய வெச்சிகினு இருக்கறது எனக்குத் தெரியாதும்மா."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நல்லா அழு என்றுதான் நினைத்தேன். உள்ளே போய்த் தங்கையையும் பிடித்துக்கொண்டேன். "உனக்குமா புத்தி இல்ல? நம்ம மோட்டார் கொட்டாயில பாத்துதானடி வளந்தே? கட்டைய இடுப்புல செருகிகினு கை வெக்கத் தெரியாது உனக்கு?"

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் போனைத் தேய்த்து என் வீடியோவைத் திறந்தாள். அதில் நான் கட்டையைப் பிடுங்கினேன். உடனே ஸ்க்ரூவைத் திருகினேன்.

"மோட்டாருக்குத்தான் அதெல்லாம், வூட்டுக் கரண்டுக்கு வாணாம் போலன்னு நெனச்சேன்க்கா" என்றாள். "நீயே செருகலியே."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

அந்த வீடியோவை எடுத்துவிட்டு, வெட்டாத பழையதை மறுபடி போட்டேன். மறுநாளே ஒருத்தன் வந்து சுருக்குப் பை என்று சிரித்தான். அவன் மேல் எனக்கு இப்போதும் கொலைவெறிதான். ஆனால் அவன் சிரிக்கத்தான் செய்தான். வெட்டியது நான்.

தங்கைக்கு ரெண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. அவள் மாமியார்தான் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார். நான் போகும்போதெல்லாம் அந்தம்மா என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார்.