ஏழு கிலோ அக்கா

மலைப்பாதைகளில் மாதக்கணக்கில் நடந்து திரிகிறவர்களுக்கு அவள் "ஏழு கிலோ அக்கா". முதுகுப்பை அதற்கு மேல் கனத்ததில்லை. முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்தாள். நோயாளிகளைத் தூக்கி இறக்கியே இடுப்பு விட்டுப்போனது. வேலையையும் வாடகை வீட்டையும் விட்டபோது தங்கச்சி கேட்டாள், "திரும்பி வந்தா எங்கக்கா உக்காருவே?"

"தரையிலேதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

விடுதிகளில் சாயங்காலமானால் யாராவது பையோடு அவளிடம் வந்து நிற்பார்கள். கட்டிலில் கொட்டச் சொல்வாள். மூன்றாவது சட்டை, கனத்த செருப்பு, ஷாம்பு பாட்டில் எல்லாம் ஒதுங்கும். "துணியையா மடிச்சு வைக்கிறீங்க, பயத்தை மடிச்சு வைக்கிறீங்க" என்பாள். சிரிப்பார்கள், கேட்டும் நடப்பார்கள்.

டிரைவர் அண்ணன் அப்படித்தான் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் வருஷம் திரும்பவில்லை. முட்டி வீங்கி, சுவரைப் பிடித்துத்தான் படியேறினார். அவர் பையின் அடியிலிருந்து ஒரு முரட்டுக் கம்பளிச் சட்டை வந்தது.

"இந்தக் கனம் எதுக்குண்ணே? மழைச்சட்டையும் பனியனும் போதும்."

"அவ பின்னினதும்மா."

"அப்போ வீட்டுக்கு அனுப்பிடுங்க. இங்க நனைஞ்சு நாறுறதுக்கு அங்க பத்திரமா இருக்கும்ல."

அது அவருக்குச் சரியாகப் பட்டது. மறுநாள் தபால் ஆபீஸில் பார்சல் கட்டிக் கொடுத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நாலு எட்டு வீசி நடந்து காட்டினார். "பாசஞ்சர் இல்லாத வண்டி மாதிரி பறக்குதும்மா." இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

கணவாயை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஊசி ஊசியாகப் பனி கலந்த மழை. அவருடைய மழைச்சட்டையின் தையல் வழியே தண்ணீர் இறங்கியது. ஒரு பாறை இடுக்கில் ஒதுங்கினார்கள். தன்னிடமிருந்த ஒரே மாற்றுச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போர்த்திவிட வேறொன்றும் இல்லை. அவர் பற்கள் தந்தியடித்தன.

கீழே இறங்கியபோது அவருக்கு நெருப்பாய்க் காய்ச்சல். சின்ன ஆஸ்பத்திரி. சளி நெஞ்சில் இறங்கி, சில நாளில் மூச்சு நின்றது.

"நுரையீரல் முன்னாடியே பழுதுதான். யாரு என்ன செஞ்சிருந்தாலும் கஷ்டம்" என்றார் டாக்டர். அதே வார்த்தையை வார்டு வாசலில் எத்தனையோ பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். எதற்காகச் சொல்வார்கள் என்பது தெரியும்.

அண்ணனின் மகன் வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா போன்ல உங்களைப் பத்தித்தான் பேசுவாரு. முட்டி வலி குறைஞ்சிருச்சுன்னாரு." பிறகு கேட்டார், "ஏதோ பார்சல் அனுப்பியிருக்கேன்னாரு. இன்னும் வரல. என்னன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"உங்க அம்மா பின்னின கம்பளிச் சட்டை. நான்தான் அனுப்பச் சொன்னேன்."

அவர் கை மெல்ல விலகியது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்பாவின் பையை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

இப்போதும் நடக்கிறாள், தனியாக. விடுதியில் யாராவது பையோடு வந்தால், "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.