டென்ஷனுக்கு எத்தனை மார்க்

சென்னை ஐயப்பன்தாங்கலுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் முதல் கீழ்வீட்டு அம்மா வரை எல்லோரும் என்னிடம் "டென்ஷன் ஆவாதீங்க" என்கிறார்கள். மலேசியாவில், எங்கள் ஈப்போவில், கலங்கி நிற்பவரிடம் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்போம். இங்கே அந்த டென்ஷனை அளக்கவும் செய்கிறார்கள் என்பது போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அன்று காலை என் நான்கு வயது மகள் யாழினி ஒரு பாசிமணியை மூக்குக்குள் தள்ளிவிட்டாள். எடுக்கப்போன என் விரல் அதை இன்னும் உள்ளே அனுப்பியது. கணவர் அம்பத்தூரில் வேலையில் இருந்தார். தெருமுனை ஆட்டோக்காரர் பழனிதான் எங்களைப் பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்தார்.

மூச்சு சீராக இருக்கிறது, டாக்டர் வருவார் என்றார்கள். காத்திருந்தபோது ஒரு இளம்பெண் தாளோடு வந்தாள். "குழந்தைய கூட்டிட்டு வர்ற பேரன்ட்ஸ் எவ்ளோ டென்ஷன்ல இருக்காங்கன்னு ஆய்வு பண்றோம்மா. விருப்பம் இருந்தா சொல்லுங்க. பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள எவ்ளோ?"

"மூணு" என்றேன். தம்பி கை முறிந்த நாளில் ஈப்போ ஆஸ்பத்திரியில் மலாய்த் தாதியிடம் அம்மா "ஓகே, ஓகே" என்று சிரித்துக்கொண்டே நின்றது நினைவிருக்கிறது. அதிகம் சொன்னால் பிள்ளையை விட்டு என்னை வெளியே நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

பழனி விடவில்லை. "இன்னாக்கா, மூணுன்ற? வழியெல்லாம் என் சட்டைய புட்ச்சிகினு வந்தியே. ஒம்போது போடும்மா."

அந்தப் பெண் யார் சொன்னதை எழுதுவது என்று விழித்தாள்.

டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "நீங்கதாம்மா எடுக்கப் போறீங்க. மணி இல்லாத பக்க மூக்க நான் மூடிக்கறேன். பாப்பா வாயோட வாய் வெச்சு ஒரே ஊது. முத்தம்னு சொல்லுங்க."

முதல் தடவை யாழினி கூச்சத்தில் சிரித்துவிட்டாள். இரண்டாம் தடவை மணி பறந்து வந்து என் கன்னத்தில் பட்டது. பழனி கைதட்டினார். "அது என்னுது, குடு" என்றாள் யாழினி.

அந்தப் பெண் மறுபடி கேட்டாள். "இப்போ எவ்ளோம்மா?"

"பத்து."

"அதான் வெளிய வந்துடுச்சே?"

"இப்பதான் பயப்பட நேரம் கிடைச்சுது" என்றேன். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது ஆட்டோவிலேயே ஈப்போவுக்குப் பேசினேன். ஒரு காதில் அம்மா, எங்கள் ஊர் "லா"வை விடாமல், "பிள்ள பசியாறிட்டாளா லா?" என்றார். மறு காதில் என் மகள் பழனியிடம், "அண்ணாத்தே, ஊட்டாண்ட நிறுத்து" என்று கத்திக்கொண்டிருந்தாள்.