டிவிக்குப் பின்னால் ஒரு சிவப்பு ரிப்பன்

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அம்மாவுக்கே பயம். டிவியின் வயர், ஸ்டெபிலைசரின் வயர், மாடியிலிருந்து இறங்கிவரும் கேபிள் வயர், வீசிஆரின் வயர், என் வீடியோ கேமின் இரண்டு கைப்பிடிகளுக்கும் தனித்தனி வயர், பக்கத்து முக்காலியில் இருந்த டெலிபோனின் வயர், எல்லாம் சேவை நாழியில் இடியாப்பம் பிழிந்துவிட்ட மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். கரமனையில் எங்கள் தெருவில் வாசல் கோலம் கோணினால் கவலைப்படுவார்கள். டிவியின் முதுகைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வரும்வரை.

அத்தை அப்பாவின் தங்கை. தம்பானூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தொன்பது, அந்த எண்ணை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஏற்கெனவே நாலு வரன் தட்டிப்போயிருந்தது. இது பம்பாய் வரன், ஜாதகம் பொருந்திவிட்டது. இதுவும் கைநழுவினால் அப்பா தாங்கமாட்டார் என்பது எனக்கே தெரியும். ஆகவே சனிக்கிழமை வீடே தலைகீழாகச் சுத்தமானபோது வயர்க்காடு என் பங்குக்கு வந்தது. எனக்குப் பத்து வயது. சுவருக்கும் டிவி மேஜைக்கும் நடுவில் நுழையக்கூடிய உடம்பு வீட்டில் என்னுடையது மட்டும்தான்.

ஒவ்வொரு வயராகச் சிக்கெடுத்தேன், தூசி துடைத்தேன், மீந்த நீளத்தைச் சுருட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னிக்கொண்டு போகும் சிவப்பு ரிப்பன்களில் ஒன்றால் எல்லாவற்றையும் ஒரே கட்டாக இழுத்துக் கட்டி, மேஜையின் பின்காலில் முடிந்தேன். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு வயர்கூடத் தெரியாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையனும் அவனுடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். பையனின் அம்மா கூடத்தைக் கண்ணாலேயே ஒருமுறை பெருக்கிவிட்டுச் சொன்னாள்: "டிவியை எத்தனை அழகா வெச்சிண்டிருக்கேள்! எங்காத்துலே ஒரே வயரா கெடக்கும்."

"எல்லாம் இவ கைவேலையாக்கும்" என்று அம்மா அத்தையைக் காட்டினாள். நான் அம்மாவையே பார்த்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு. அங்கே வந்தா வேலைக்கெல்லாம் போகவேண்டாம். ஆத்தை இப்படி வெச்சிண்டாலே போறும்" என்றாள் அந்த மாமி. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் போனில் பதில் சொல்வதாகவும், ஆறரை மணி ரயிலில் ஊருக்குக் கிளம்புவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்கள். நாகர்கோவிலில் இன்னொரு பெண்ணையும் பார்த்திருக்கிறார்கள் என்று அப்பாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரும் ரிசீவரைத் தொடக்கூடாது, எடுத்த நேரம் பார்த்து அவர்கள் கூப்பிட்டால் எங்கேஜ்டு சத்தம் கேட்கும் என்று உத்தரவு. அவரும் தொடவில்லை. அவர்கள் தங்கியிருக்கும் லாட்ஜுக்கு நாமே கூப்பிட்டால் என்ன என்று அம்மா கேட்டதற்கு, "பொண்ணாத்துக்காரா முந்திண்டா கொறச்சலாக்கும்" என்றார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மணி நாலு. காலையில் நான் விட்டுப்போன அதே இடத்தில் அதே மாதிரி இருந்தார்.

"சித்தெ இங்கே இரு. ஒரு குளி குளிச்சிண்டு வந்துடறேன். மணி அடிச்சா எடுக்கப்படாது, என்னைக் கூப்பிடணும். கேட்டியா?"

காவலுக்கு உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் என் கைவேலையை இன்னொரு தடவை ரசிக்கலாம் என்று டிவிக்குப் பின்னால் தலையை நீட்டினேன். சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியின் துளை காலியாக இருந்தது. நான் இழுத்துக் கட்டிய கட்டிலிருந்து டெலிபோன் வயர் மட்டும் தனியாகத் தொங்கியது, நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னப் பிளக்கோடு.

எங்கள் வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு போன் வந்தால் அதிகம். சனிக்கிழமையிலிருந்து அது செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. அப்பா அடிக்கமாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். அதற்கு அடியே தேவலை. சந்துக்குள் புகுந்து பிளக்கைப் பெட்டிவரை இழுத்தேன், எட்டவில்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், நகம்தான் வலித்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

"என்னடி பண்றே அங்கே?"

அத்தை. அன்று சீக்கிரம் வந்துவிடும்படி அப்பா சொல்லியிருந்தார். பிளக்கைத் தூக்கிக் காட்டினேன். அவள் பிளக்கைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், குளியலறைப் பக்கம் பார்த்தாள். தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். அவிழ்க்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

"நீ ஒண்ணும் பாக்கலே, ஒண்ணும் தொடலே. போய்க் கை அலம்பிண்டு வா."

என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்துகொண்டேன். நன்றியில் அழுகை வந்தது.

ஐந்து மணி ஆயிற்று, ஐந்தேகால் ஆயிற்று. அப்பா போனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆடை கட்டியது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அத்தை சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு அப்பா பொறுக்கமாட்டாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, "வழியனுப்பற மாதிரி ஸ்டேஷனுக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று ஆட்டோவில் கிளம்பினார். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் அத்தை ரிப்பனை அவிழ்த்தாள். டக் என்று பிளக்கைச் செருகினாள்.

அப்பா ஏழு மணிக்குத் திரும்பிவந்தார். "காலம்பறலேர்ந்து அஞ்சு தடவை அடிச்சாளாம். யாரும் எடுக்கலையாம். நமக்கு இஷ்டமில்லேன்னு நெனச்சு நாகர்கோவிலுக்குச் சரின்னு சொல்லிட்டாளாம்" என்று சொல்லிக்கொண்டே அந்த நாளில் முதல் முறையாக ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். கிர்ரென்ற சத்தம் எனக்கே கேட்டது. "பொய்! பச்சைப் பொய்! நாள் முழுக்க நான் இங்கேதானே உக்காந்திருந்தேன்? இப்படிப் பொய் சொல்றவா ஆத்துக்கா என் தங்கையைக் குடுப்பேன்?" கத்தி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னால் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை அத்தைதான் எனக்குத் தலை பின்னினாள். அதே சிவப்பு ரிப்பன், மடிப்பில் தூசி இன்னும் போகவில்லை. அம்மாவுக்குக் கேட்காமல் கேட்டேன்: "என்னாலதானே அத்தை உன் கல்யாணம் நின்னுபோச்சு?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு வழக்கத்தைவிடப் பெரிதாக ஒரு பூ முடிச்சுப் போட்டாள்.

"ஆமாண்டி, உன்னாலதான்" என்று சொல்லி என் உச்சந்தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தம்பானூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அழுதேன். அத்தையே சொல்லிவிட்டாள், குற்றம் என்னுடையதுதான். குற்றம் சொல்கிறவள் எதற்கு முத்தம் கொடுத்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.