ஒரு ‘அண்ணே’ குறைந்ததற்கு

எங்கள் ஊரில் ஒரு பெண் வெளி ஆணிடம் பேச வேண்டுமென்றால் முதலில் ‘அண்ணே’ என்று ஒரு வேலி போட்டுக்கொள்ள வேண்டும். பால்காரர் அண்ணே, ஆட்டோக்காரர் அண்ணே, என்னைவிட இளைய மெக்கானிக்கும் அண்ணே. அந்த வேலியை ஒரே ஓர் இடத்தில் நான் எடுத்தேன். அதற்குப் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

காரைக்குடியில் வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களுமாக நாங்கள் சிலர் சேர்ந்து நாடகம் போடுவோம். அந்த முறை எடுத்தது பழைய வெளிநாட்டுச் சோக நாடகம் ஒன்று. பொறாமைக்காரன் ஒருவன் வத்தி வைப்பான். அதை நம்பிக் கணவன், ஒரு பாவமும் அறியாத மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொல்வான். வசனத்தை எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு மாற்றியிருந்தோம். மனைவி நான். கணவனாக நடித்தவர் என் ஆபீசில் வேலை பார்ப்பவர், அதுவரை எனக்கு அண்ணே. ஒத்திகையில் “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, மறு நிமிடமே “அத்தான்” என்று உருகினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இயக்குநர் கடுப்பாகிவிட்டார். நாடகம் முடிகிறவரை அந்த அண்ணேயை மூட்டை கட்டி வைக்கச் சொன்னார். நானும் அவரை ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அந்தக் கணவன் வேடத்துக்கு ஆசைப்பட்ட இன்னொருவர் இருந்தார். அவருக்குக் கிடைத்தது காவலாளி வேடம். அந்த வயிற்றெரிச்சலை என்னவருடைய ஹார்டுவேர் கடையில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். டீ குடிக்கிற சாக்கில் உட்கார்ந்து அவர் பேசியதை, அப்போது கடையில் இருந்த என் நாத்தனார் போனில் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

“எங்களையெல்லாம் வாய் நெறைய அண்ணேன்னு கூப்பிடுது. அவரை மட்டும் ஏன் கூப்பிட மாட்டேங்குதுன்னு தெரியல. நான் தப்பாச் சொல்லல, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீக.”

நரித்தனத்தைப் பாருங்கள்! அதில் ஒரு சொல் பொய் இல்லை. காரணத்தை மட்டும் முழுங்கிவிட்டார். அவருக்கும் காரணம் தெரியும், இயக்குநர் சொன்னபோது பக்கத்தில் நின்று சிரித்தவர்தானே.

அவரையாவது விடுங்கள். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதருக்கு எங்கே போயிற்று புத்தி? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். என் போன் அடித்தால் திரும்பிப் பார்த்தார். நாடகமெல்லாம் இதோடு போதும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நானே போய் விளக்கிவிடலாமா என்று யோசித்தேன். திருடாதவள் எதற்கு மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும்? கேட்டால் சொல்லுவோம், கேட்கட்டும் என்று இருந்தேன். இந்த மனிதர் இனி என்னை நம்பவே மாட்டாரோ என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது. அவர் கேட்கவேயில்லை.

நாடகத்துக்கு வந்தார், தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு. முன்வரிசையில் உட்கார்ந்தார். கடைசிக் காட்சியில் நான் மேடையில் செத்துக் கிடக்கிறேன். இமையிடுக்கில் பார்த்தால், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்! எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்கலாம் போல இருந்தது. செத்தவள் எழுந்திருக்க முடியாதே, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலையில் அவரே அடுப்படிக்கு வந்தார். அவராக வந்து பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. நாடகம் நன்றாக இருந்தது என்றார்.

“பாவம் அந்தப் பொண்ணு. கொல்லுறதுக்கு முன்னாடி அந்த ஆளு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

ஆற்றிக்கொண்டிருந்த காபியை அடுப்பு மேடையில் வைத்தேன்.

“நீங்க கேட்டீகளா?”

காபி ஆறிப்போகும்வரை அவர் அங்கேயே நின்றார்.