திருஷ்டி பொம்மை பார்த்த திசை

கம்பெனி பஸ் நிற்கும் திருப்பத்திலிருந்து எங்கள் வீட்டு கேட் வரை நூற்று நாற்பத்தாறு எட்டு வைக்க வேண்டும். இது என் கணக்கு. என் மனைவி நூற்றெழுபது என்பாள். அவள் பேசிக்கொண்டே நடப்பவள், பேச்சு சூடுபிடித்தால் நின்றுவிடுபவள், ஆகவே அவள் கணக்கை நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தேன். ஓய்வு பெற்றபின் பாகலூர்ப் பக்கம் வீடு கட்டி வந்துவிட்டோம். போல்ட்டும் வாஷரும் எண்ணிய கைக்கு வேறு ஏதாவது எண்ணக் கிடைக்க வேண்டியிருந்தது.

அந்தத் திருப்பத்தில் அப்போது விளக்கு இல்லை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து நான்கு பெண்கள் அங்கே இறங்கி, செல்போன் வெளிச்சத்தில் நடந்து வருவார்கள். அவர்களில் ஒருத்தி பக்கத்து நிலத்து அம்மாவின் மருமகள். அவர்கள் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்கும்வரை எனக்குத் தூக்கம் வராது. நாய் குரைத்தால் பாம்போ என்று நினைப்பேன், நாய் குரைக்காவிட்டால் சானமாவுக் காட்டிலிருந்து யானை வந்து நிற்கிறதோ என்று நினைப்பேன். பஞ்சாயத்துக்கு மனு எழுத ஆரம்பித்தேன். பதினோராவது மனுவுக்குப் பிறகு, ஆடி மாதத்தில், அவர்கள் நிலத்தை ஒட்டிய அந்தத் திருப்பத்துக்குக் கம்பமும் எல்இடி விளக்கும் வந்து சேர்ந்தன.

பக்கத்து நிலத்து அம்மா கம்பத்துக்குக் குங்குமம் வைத்து ஒரு முழம் பூச் சுற்றினார். "எல்லாம் சார் புண்ணியம்" என்றார். அன்று எனக்கு நடையே மாறிவிட்டது என்று மனைவி சொல்கிறாள்.

மறுநாள் காலை கம்பத்தடியில் செத்துக் கிடந்த பூச்சிகளை எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டேன், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. பொழுது சாயும்போதே தேரை ஒன்று வந்து கம்பத்தடியில் உட்கார்ந்துகொள்ளும். டிபன் மேலிருந்து விழும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. வேப்பமரத்துக் காகங்கள் இரண்டரை மணிக்கே விடிந்துவிட்டதாக நினைத்துக் கத்தின. வெளிச்சம் எங்கள் ஜன்னல் வழியாக நேரே என் தலையணைக்கு வந்தது. திரைக்குமேல் திரை போட்டேன், அதற்குமேல் போர்வை கட்டினேன்.

"நீங்க கேட்டு வாங்கின வெளிச்சந்தானே, நல்லா அனுபவிங்க" என்று மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியது. தாங்க முடியாதது சாமந்தியில் வந்தது.

பக்கத்து நிலத்து அம்மா போன வருடம் வரை ராகி போட்டவர். மகன் நிலத்தைக் குடோன் கட்டுபவர்களுக்கு விட்டுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான். இவர் ஒரே ஒரு பருவம் பூ போட்டுப் பார்க்க அவகாசம் கேட்டார். ஆயுத பூஜை வந்தால் இங்கே லேத் மெஷினிலிருந்து லாரி வரை எல்லாவற்றுக்கும் மஞ்சள் சாமந்தி வேண்டும். "ஆயுத பூஜைக்குப் பூ வந்தா நிலம் உனுக்கு, வரலன்னா குடோனுக்கு" என்று மகன் சொல்லிவிட்டான். விளக்கு வருவதற்கு முந்தின மாதம், ஆனியில், அரை ஏக்கரில் நாற்று நட்டார்கள். இருபத்துநாலு வரிசை.

நான் தினமும் காலையில் வேலியோரம் நின்று மொட்டு வந்ததா என்று செடி செடியாக எண்ணிப் பார்ப்பேன்.

"என்னா சார் எண்ணிக்கினு இருக்கீங்க?"

"மொட்டும்மா."

"பூச்செடிய எண்ணக்கூடாது சார், கண்ணு படும்."

நான் சிரித்தேன். ஆவணி பிறந்தும் மொட்டு வரவில்லை. செடிகள் மட்டும் இடுப்புயரத்துக்குத் தளதளவென்று நின்றன. ஒருநாள் காலை கேட்டைத் திறந்தால், எதிரே மூங்கில் கழியில் ஒரு திருஷ்டி பொம்மை. பானைத்தலை, கோரைப்பல், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு. ஊரே ரோட்டைப் பார்க்கத்தான் இதை வைக்கும். இது என் வீட்டைப் பார்த்து நின்றது.

"உங்களைத்தான்" என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எனக்கு அவமானமாகிவிட்டது. என் கண்ணால் இல்லை என்று நிரூபிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் இருபத்துநாலு வரிசையையும் கட்டம் போட்டேன். மொட்டில்லாத செடிக்கு வட்டம், மொட்டு வைத்த செடிக்குப் பெருக்கல் குறி. மொட்டைமாடியிலிருந்து மூன்று காலை வேலை. மொத்தம் நூற்றெட்டுச் செடிகளில் மொட்டு இருந்தது. அத்தனையும் வேலியிலிருந்து தெரியாதபடி அவர்களுடைய மோட்டார் ரூமுக்குப் பின்னால், ஒரே திட்டாக. தொட்டி கசிந்து அங்கே மட்டும் ஈரம் அதிகமோ என்று நினைத்தேன்.

நாற்றுக் கொடுத்தவர் டெம்போவில் அந்த வழியாகப் போனபோது அந்த அம்மா வண்டியை மறித்துவிட்டார். சத்தம் கேட்டு நானும் மனைவியும் ஓடினோம்.

"கீரைத் தோட்டமா கேட்டேன் உன்னாண்ட? பூ எங்கடா?"

"அக்கா, நாத்து நல்ல நாத்து. இதே நாத்து பக்கத்து ஊருல மொட்டு கட்டி நிக்குது."

"அப்போ எங்கூட்டு மண்ணுக்கு மட்டும் சாபமா?"

நான் காலண்டர் தாளை நீட்டினேன். நாற்றுக்காரர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். என் மனைவி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதென்னங்க, நம்ம பக்கத்து மோட்டார் ரூம் படம் மாதிரி இருக்கு. தலையில தண்ணித் தொட்டி வேற."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. கீழே குறுகி, மேலே போகப் போக அகன்று, நுனியில் உருண்டையாக ஒரு தலை. நாற்றுக்காரர் தாளைப் பார்த்தார், மோட்டார் ரூமைப் பார்த்தார், அதற்கு மறுபக்கம் நின்ற விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அக்கா, இது அந்த ரூம் நெழலு. சாமந்திக்கு ராத்திரி நீளமா இருட்டு வேணும், அப்பத்தான் மொட்டு வெக்கும். செடி உசரமா வளரணும்னு எங்காளுங்க தோட்டத்துல பல்பு கட்டி எரிய விடுவாங்க. எரியற வரைக்கும் மொட்டு வெக்காது. உங்களுக்குப் பஞ்சாயத்தே கட்டிக் குடுத்துகீது."

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொம்மையையும் சேர்த்தால் நான்கு.

"அப்ப சாருதான்" என்றார் அந்த அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் குத்தியது. விளக்கைக் கழற்றச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. அதன் கீழேதான் அவர் மருமகள் நடந்து வர வேண்டும்.

பன்னிரண்டாவது மனுவை நானே நேரில் கொண்டுபோனேன். விளக்கு இருக்கட்டும், அதன் முகத்தை ரோட்டுக்குத் தாழ்த்தி, நிலத்துப் பக்கமும் வீட்டுப் பக்கமும் தகரத் தடுப்பு வைக்க வேண்டும் என்று படத்தோடு எழுதியிருந்தேன். அலுவலகத்தில் இருந்தவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன மாசம் வெளிச்சம் கேட்டீங்க, இந்த மாசம் இருட்டு கேக்கறீங்க. அடுத்த மாசம் என்னா சார், நெலாவா?"

"நிலா மொட்டைத் தடுக்காது சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் தினமும் வந்து நிற்பேன் என்பது அவருக்குப் பழைய அனுபவம்.

தகரத்தை லேத் கடையில் வளைத்து வாங்கினேன். லைன்மேன் ஏணியோடு வந்தார். நான்கு போல்ட் கொடுத்தேன், மூன்றுதான் போட்டார், ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கிறது. காற்றடித்தால் தகரம் தடதடக்கிறது. விழுந்துவிடுமோ என்று இப்போது அந்தக் கவலை.

அந்த நான்கு பெண்களுக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அந்த அம்மாவின் மருமகளைக் கேட்டேன். "முன்னெல்லாம் கண்ணு கூசும் மாமா, ஒண்ணுமே தெரியாது. இப்பத்தான் ரோட்டுல பள்ளம் தெரியுது" என்றாள். பள்ளங்களை மறுநாள் எண்ணினேன். ஒன்பது. பதின்மூன்றாவது மனு தயாராகிவிட்டது.

ஆயுத பூஜைக்கு அந்த நூற்றெட்டுச் செடிகள் மட்டும் பூத்தன. சந்தைக்குப் போகும் அளவு இல்லை. அந்த அம்மா அதைப் பறித்துக் கட்டி, மோட்டார் ரூமுக்குச் சந்தனம் தெளித்துப் பெரிய மாலையாகப் போட்டார். "இது ஒண்ணுதான் என் பக்கம் நின்னுச்சு" என்று என் காதில் விழும்படி சொன்னார். மற்ற செடிகளில் அப்போதுதான் குண்டூசித் தலையளவு மொட்டுகள். நான் வேலிப்பக்கம் போகாமல் மொட்டைமாடியிலிருந்தே பார்த்தேன். எண்ணவில்லை. அதாவது, சத்தமாக எண்ணவில்லை.

மகன் வந்தான். வரப்பில் நின்று அந்த மொட்டுகளைப் பார்த்தான். "சரி, கார்த்திகை வரைக்கும் பாக்கலாம்" என்று சொல்லிப் போனான்.

ஐப்பசி கடைசியில் ஒருநாள் காலை கேட்டைத் திறந்தேன். அரை ஏக்கரும் மஞ்சள். பொம்மையின் முதுகு எனக்குத் தெரிந்தது. நாக்கை நீட்டிக்கொண்டு அது விளக்குக் கம்பத்தைப் பார்த்து நின்றது. அந்த அம்மா கூடையோடு வரப்பில் இருந்தார்.

"பாத்தீங்களா சார், பொம்மைய அந்தப் பக்கம் திருப்பினேன், பூ வந்துடுச்சு."

தகரத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மவன் குடோன்காரங்கள அடுத்த வருசம் வரச்சொல்லிட்டான்" என்றார் அவர். பிறகு கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "சும்மா நிக்கறீங்களே சார், உள்ள வாங்க. எத்தன வரிச பறிச்சாச்சுன்னு கொஞ்சம் எண்ணிச் சொல்லுங்க" என்றார்.